விற்க கார் இல்லாமல் போன டீலர்: மதுரை டி.வி.எஸ். பற்றிப் பேசுவோம்

மேலவெளிவீதி:
வணக்கம் நண்பர்களே. காரைத் தயாரித்தவர்களைப் பற்றி இங்கே ஏகப்பட்ட இழைகள் ஓடுகின்றன. நடுவில் நின்று அதை நம் ஊருக்குக் கொண்டுவந்து விற்றவர்களைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அதனால் எங்கள் ஊர்க்காரர்களை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

டி.வி.எஸ். என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு மொபெட்டும் பைக்கும்தான் நினைவுக்கு வரும். என் அப்பா தலைமுறைக்கு அது பஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய கதை இருக்கிறது: கார், லாரி விற்ற கதை.

திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். சட்டம் படித்தார், ரயில்வேயிலும் பேங்கிலும் வேலை பார்த்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1911-ல் மோட்டார் தொழிலில் இறங்கினார். 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டார். மாட்டுவண்டிதான் எல்லாருக்கும் வாகனமாக இருந்த காலம் அது. தலைமையகம் மதுரை. மேல வெளி வீதியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இன்றும் அந்தக் கட்டிடத்தைத் தாண்டித்தான் போகிறோம்.

பஸ் ஓட்டினால் வண்டி கெட்டுப்போகும். சரிசெய்ய ஒர்க்‌ஷாப் வேண்டும், பாகங்கள் வேண்டும், வேலை தெரிந்த ஆள் வேண்டும். இதெல்லாம் கையில் இருந்ததால்தான் அவர்களால் வண்டி விற்கவும் முடிந்தது. 1950-களில் அவர்களுடைய சுந்தரம் மோட்டார்ஸ்தான் ஜெனரல் மோட்டார்ஸின் மிகப் பெரிய விநியோகஸ்தர். செவர்லே, ப்யூக், பான்டியாக், வாக்ஸ்ஹால், அப்புறம் பெட்ஃபோர்டு லாரி, எல்லாம் அந்தக் கம்பெனியின் பெயர்கள்தான்.

அப்பா 1962-ல் அங்கே ஒர்க்‌ஷாப்பில் உதவியாளராகச் சேர்ந்தார். இன்னொரு நாள் அதைப் பற்றி எழுதுகிறேன். தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

---

மவுண்ட்ரோடு வாசகன்:
நல்ல இழை சார். ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு மாற்றுக் கருத்து. டி.வி.எஸ்.ஸை டீலர் என்று சொல்வது சரியா? அவர்கள் முதலில் பஸ் முதலாளிகள். டீலர் என்றால் எங்கள் மெட்ராஸ் மவுண்ட் ரோடுதான். சிம்ப்சன் கம்பெனி 1840-லேயே வந்துவிட்டது. குதிரைச் சேணம், கோச்சு வண்டி என்று ஆரம்பித்தவர்கள். 1903-ல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார், இந்தியாவிலேயே முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள். ஆடிசன் கம்பெனியும் பழசு, மாரிஸ் கார் விற்றவர்கள். மோட்டார் வியாபாரத்தின் தாய்வீடு மவுண்ட் ரோடு என்பது என் கட்சி.

---

மேலவெளிவீதி:
வயதில் சிம்ப்சன் மூத்தது, அதில் சண்டையே இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. மவுண்ட் ரோட்டுக் கடைகள் ஆரம்பத்தில் யாருக்காக இருந்தன? வெள்ளைக்கார அதிகாரி, ஜமீன்தார், பெரிய வக்கீல். காரை அவர் வாங்குவார், டிரைவர் ஓட்டுவார், கெட்டுப்போனால் மெட்ராஸுக்கு அனுப்புவார். மதுரையில் வியாபாரம் செய்தவருக்கு அந்த வசதி கிடையாது. இவருடைய வாடிக்கையாளர் ஒற்றை லாரி வைத்திருக்கும் விருதுநகர் வியாபாரி. அவர் வண்டி ஒரு வாரம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படிப்பட்டவருக்கு விற்றால் விற்றவுடன் கதவைச் சாத்த முடியாது. அந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

---

கரிசல்காட்டான்:
அண்ணே, கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். மூன்று தலைமுறையாக எங்களுக்கு லாரித் தொழில். நீங்கள் சொன்ன "ஒரு வாரம் நின்றால்" என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தாத்தா இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பஸ்ஸில் கிளீனர். பெட்ரோல் கிடையாது, ரேஷன். அப்போது ஓடியது கரி பஸ். டி.வி.எஸ்.காரர்கள் கரியிலிருந்து வாயு எடுக்கும் கருவியைத் தாங்களே வடிவமைத்துத் தயாரித்தார்கள், டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று பெயர். தாத்தா ஓடிய வண்டி வேறு ஒரு முதலாளியுடையது, ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். அவர் சொல்லக் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

ஆளுயரத்துக்கு இரும்பு உருளை. மேலே மூடியைத் திறந்து அடுப்புக்கரியைக் கொட்ட வேண்டும். கீழே சின்ன ஓட்டை வழியாகத் தீ வைப்பார்கள். பக்கத்தில் கையால் சுற்றுகிற காற்றாடி. அதைச் சுற்றோ சுற்றென்று சுற்ற வேண்டும். கரி முழுசாக எரியக்கூடாது. காற்றைக் குறைவாக விட்டால்தான் எரிகிற வாயு வரும், கார்பன் மோனாக்சைடு. அந்த வாயு வடிகட்டி வழியாகப் போய், குளிர்ந்து, என்ஜினுக்குள் நுழையும். வடிகட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்யாவிட்டால் சாம்பல் உள்ளே போய் என்ஜினைத் தின்றுவிடும். காலை ஆறு மணி வண்டிக்கு நாலரைக்கே எழுந்து காற்றாடி சுற்றுவாராம். உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது. சாகும்வரை போகவில்லை. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோலில் வருகிற இழுவை இதில் வராது. மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடப்பார்கள்.

வண்டியை வாங்கியவர்கள் கையில் அதை ஓட்ட எரிபொருள் இல்லை. விற்றவர் பேசாமல் இருந்திருக்கலாம், போர் அவர் தப்பு இல்லையே. ஓடவைக்க வழி கண்டுபிடித்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

---

மவுண்ட்ரோடு வாசகன்:
தாத்தாவின் கையைப் பற்றிப் படித்ததும் நெகிழ்ந்துவிட்டேன். என் வாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

---

டீசல் தம்பி:
அண்ணன்களுக்கு வணக்கம். ஒரு சந்தேகம். 1950-களில் மிகப் பெரிய விநியோகஸ்தர் என்கிறீர்கள். அப்படியென்றால் செவர்லே நம் ஊரில் ஏன் காணாமல் போனது? எனக்குத் தெரிந்து 2000-க்கு அப்புறம்தான் திரும்ப வந்தது.

---

மேலவெளிவீதி:
நல்ல கேள்வி தம்பி. இந்த இழையின் முக்கியமான திருப்பமே அதுதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் சிவ்ரியில் ஆலை போட்டது. ஆலை என்றால் தயாரிப்பு இல்லை. வெளிநாட்டிலிருந்து பெட்டிகளில் பாகம் பாகமாக வரும், இங்கே பூட்டி விற்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் கேட்டது: பூட்டிக்கொண்டே இருக்கப் போகிறீர்களா, இங்கேயே செய்யப் போகிறீர்களா? 1953-ல் டாரிஃப் கமிஷன் (இறக்குமதி வரி பற்றி மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழு), உள்நாட்டில் தயாரிக்கத் திட்டம் வைத்திருக்கிற கம்பெனிகளுக்கு மட்டும்தான் இடம் என்று பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-ல் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டன. மிஞ்சியது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், நம்ம மெட்ராஸ் ஸ்டாண்டர்டு, எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் போன்ற சிலர்.

கடை இருக்கிறது, ஒர்க்‌ஷாப் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், வாடிக்கையாளர் இருக்கிறார். விற்பதற்கான கார் கையைவிட்டுப் போய்விட்டது. அடுத்த வருஷமே, 1955 ஏப்ரலில், சுந்தரம் ஐயங்காரும் காலமானார். அந்தக் குடும்பத்துக்கு அந்த இரண்டு வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

---

பாடி சேகர்:
இங்கிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன் சார். சென்னை பாடியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

கார் செய்ய வெளிநாட்டுக்காரன் இல்லை, சரி. செய்யப்போகிற உள்நாட்டுக்காரனுக்குச் சக்கரம் யார் கொடுப்பது? பிரேக், டைனமோ, போல்ட்டு? எந்தப் பாகம் எத்தனை மைலில் தேயும், எது மழைக்காலத்தில் கெடும் என்று பஸ் ஓட்டியும் வண்டி விற்றும் அவர்களுக்கு அத்துப்படி. மகன்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். 1960-ல் வீல்ஸ் இந்தியா. 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., அது ஸ்டார்ட்டர், டைனமோ. 1962-ல் பிரேக்ஸ் இந்தியா. அதே வருஷம் சுந்தரம் கிளேட்டன், காற்று பிரேக். 1966-ல் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் போல்ட்டு, நட்டு செய்ய ஆரம்பித்தது. ஒவ்வொன்றாகப் பாடியில் வந்து உட்கார்ந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காலை ஷிஃப்டுக்கு அந்தச் சாலையில் சைக்கிள் மணிச் சத்தம் தவிர வேறு எதுவும் காதில் விழாது.

தொழிற்சாலைகள்தான் பெரிய சாதனை, டீலர்ஷிப் அதற்கு வெறும் முன்னுரை என்பது என் எண்ணம்.

---

கரிசல்காட்டான்:
சேகர் ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாவற்றையும் விடப் பெரியது 1954-ல் சுந்தரம் ஐயங்காரின் மகன் டி.எஸ். சந்தானம் ஆரம்பித்த சுந்தரம் ஃபைனான்ஸ். இரண்டு லட்ச ரூபாய் மூலதனத்தில் தொடங்கியது.

அந்தக் காலத்தில் லாரி வாங்கப் பேங்கில் கடன் கேட்டால் வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். ஓடிக்கொண்டே இருக்கிற பொருளுக்கு எப்படிக் கடன் கொடுப்பது, எங்கே போய்ப் பிடிப்பது என்பது அவர்கள் கவலை. மிச்சம் இருந்தது கந்துவட்டி. ஹையர் பர்ச்சேஸ் வந்த பிறகுதான் டிரைவர் முதலாளி ஆக முடிந்தது. முன்பணம் கட்டு, வண்டியை எடு, சம்பாதித்து மாதாமாதம் கட்டு, முடிந்ததும் வண்டி உன் பெயருக்கு.

எங்கள் அப்பா முதல் வண்டியின் கடைசித் தவணையைக் கட்டிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆர்.சி. புக்கில் ஹெச்.பி. (ஹையர் பர்ச்சேஸ்) என்று போட்டிருந்ததை ரத்து செய்து சீல் குத்தி வாங்கிவந்தார். அந்தப் பக்கத்தை விரித்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அம்மா குங்குமம் வைத்தார். அந்தக் குங்குமக் கறை இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கடன் கொடுத்த கம்பெனி எது என்பது இங்கே முக்கியமில்லை. அந்த முறை தெற்கே வந்ததால்தான் நாங்கள் வந்தோம்.

---

பொள்ளாச்சி தேவி:
படிக்கப் படிக்க எங்கள் பக்கமும் அப்படியே இருந்தது என்று தோன்றியது. ஏ.பி.டி., ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட். நாச்சிமுத்துக் கவுண்டரும் அவர் மகன் மகாலிங்கமும் வளர்த்தது. அவர்களும் பஸ்ஸில் ஆரம்பித்தவர்கள், பின்னாளில் மாருதி டீலர். கோவைப் பக்கம் இன்றும் "ஏ.பி.டி. மாருதி" என்று ஒரே மூச்சில்தான் சொல்வோம்.

1972-ஐ யாரும் இன்னும் தொடவில்லையே? தமிழ்நாட்டில் பெரிய தனியார் பஸ் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்ட வருஷம். ஏ.பி.டி. பஸ்கள் சேரன் போக்குவரத்துக் கழகம் ஆகின. உங்கள் ஊரில் பாண்டியன்.

---

மேலவெளிவீதி:
நன்றி அம்மா. ஆமாம், 1972-ல் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. அது வரைக்கும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டி.வி.எஸ். பஸ் போவதை வைத்துக் கடிகாரத்துக்கு நேரம் திருத்துவார்கள். பாட்டி உலை வைத்ததே அந்த பஸ் ஹாரன் கேட்டுத்தான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

ஆக, இருபது வருஷத்துக்குள் இரண்டு முறை அடிப்படைத் தொழில் கையைவிட்டுப் போயிருக்கிறது. 1954-ல் விற்ற கார். 1972-ல் ஓட்டிய பஸ். அரசு எடுத்தது சரியா தவறா என்று இங்கே விவாதிக்க வேண்டாம், அதற்குத் தனி இழை போடலாம். பஸ் வசதியே இல்லாத எத்தனையோ ஊர்களுக்கு அரசு பஸ் போய்ச் சேர்ந்ததும் உண்மைதான்.

சேகர் சார் டீலர்ஷிப் முன்னுரை என்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதற்கு என்று சொல்ல அப்பாவைப் பற்றி எழுத வேண்டும்.

அப்பா முதல் இரண்டு வருஷம் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவினார். வேறு வேலையே கிடையாது. கழுவிக் கழுவி எந்தப் பல் எங்கே தேய்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் ஸ்பானர். ஒரு பெரிய மேஸ்திரி இருந்தாராம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். "மூணாவது வால்வு" என்பார். திறந்து பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். அப்பாவும் அதைக் கற்றுக்கொண்டார். வீட்டில் மிக்ஸி சத்தம் மாறினால்கூட ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிடுவார்.

பாடியில் தொழிற்சாலை கட்டப் பணமும் வெளிநாட்டுக் கூட்டும் போதும் என்றால் அந்தக் காலத்தில் பணம் இருந்த பலர் கட்டியிருப்பார்கள். எந்தப் பாகம் எப்படித் தேய்கிறது என்ற அறிவு ஒர்க்‌ஷாப்பில் மண்ணெண்ணெய் வாளிக்குப் பக்கத்தில் சேர்ந்தது.

---

ஸ்பேர்பார்ட்ஸ் அலி:
சலாம் நண்பர்களே. திண்டுக்கல்லில் நாற்பது வருஷமாகக் கடை. மேலவெளிவீதி அண்ணன் சொன்னதற்கு என் ஓட்டு.

மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்று அவர்களுடைய இன்னொரு கம்பெனி. ஸ்பேர் பார்ட்ஸ் விநியோகம். எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு அந்தப் பெயர்தான் பழக்கம். கார் விற்பனை ஒரு தடவை நடக்கிற காரியம். அந்தக் காருக்கு ஃபேன் பெல்ட், கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங் என்று இருபது வருஷம் விற்கலாம். ஒரு காலத்தில் அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். புது வண்டி கிடைக்காத நாட்டில் பழைய வண்டியை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய தொழில்.

போலி பாகம் எங்கள் தொழிலின் பெரிய சாபம். டப்பா ஒரே மாதிரி இருக்கும். பிரேக் லைனிங்கில் போலி மாட்டினால் ஒரு குடும்பமே போய்விடும். அதனால் எங்கிருந்து சரக்கு வருகிறது என்பதில் வாப்பா ரொம்பக் கறாராக இருப்பார். டப்பாவைத் திறந்து லைனிங்கை நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் அடுக்குவார்.

அப்புறம் காந்திகிராமத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊர்ப் பக்கம் அல்லவா. 1947-ல் அதை நிறுவிய டாக்டர் சௌந்தரம் சுந்தரம் ஐயங்காரின் மகள். கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து கட்டியது. மோட்டார் வீட்டுப் பெண் கிராமத்துக்கு மருத்துவம் பார்க்க வந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மரியாதையோடு சொல்வார்கள்.

---

டீசல் தம்பி:
அலி அண்ணே, காத்திருந்த கதையைச் சொன்னீர்கள். இப்போதும் காத்திருக்கிறோம். போன வருஷம் புதுக் கார் எடுத்தேன், எந்த ஷோரூம் என்று சொல்ல விரும்பவில்லை. மூன்றாம் மாதம் பின்கதவு லாக் போனது. பாகம் வர ஐந்து வாரம். தினமும் போன் போட்டால் "சிஸ்டத்தில் ஆர்டர் போட்டாச்சு சார்" என்பார்கள். டெலிவரி அன்று மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்தவர்கள். ஐந்து வாரமும் கதவைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டினேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அப்படித்தான் கூட்டிப்போனேன். இந்த இழையைப் படித்தபோது அந்தக் கயிறுதான் ஞாபகம் வந்தது.

---

ஸ்பேர்பார்ட்ஸ் அலி:
தம்பி, வருத்தமாக இருக்கிறது. 1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அதற்குப் பிறகு டீலர்ஷிப் என்பதன் அர்த்தமே மாறிப்போனது. ஏ.சி. போட்ட ஷோரூம், கண்ணாடிச் சுவர். அது நல்லதுதான், வாடிக்கையாளரை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். ஆனால் எந்தப் பாகத்தைக் கையிருப்பில் வைப்பது என்று முடிவெடுத்த பழைய ஸ்டோர் கீப்பரின் இடத்தில் இன்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மழைக்காலம் வருகிறது, வைப்பர் அதிகம் வாங்கிவை என்று அதற்குச் சொல்ல ஆள் வேண்டும்.

---

மவுண்ட்ரோடு வாசகன்:
சுந்தரம் மோட்டார்ஸ் பின்னாளில் பென்ஸ் காரும் ஹோண்டாவும் விற்றது. மதுரைத் தாய்க் கம்பெனி அசோக் லேலண்ட் லாரிகளுக்கு நெடுங்கால டீலர். 2022-ல் குடும்பக் கிளைகள் தங்கள் தங்கள் தொழிலை முறைப்படி பிரித்துக்கொண்டன. நூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்து இருந்துவிட்டு, தெருவுக்குச் சண்டையை இழுத்துவராமல் பிரிந்ததையும் பதிவு செய்ய வேண்டும்.

---

பாடி சேகர்:
நான் இரண்டு நாளாக யோசித்தேன். மண்ணெண்ணெய் வாளி வாதம் என்னை அசைத்துவிட்டது. முன்னுரை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. 1990-களில் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் ரேடியேட்டர் மூடி செய்ய ஆரம்பித்தது. அந்த மூடிகள் யாருக்குப் போயின தெரியுமா? ஜெனரல் மோட்டார்ஸுக்கு. இங்கிலாந்தில் இருந்த அவர்களுடைய மூடி செய்யும் இயந்திரங்களையே வாங்கிக் கொண்டுவந்து இங்கே நிறுவினார்கள். அந்தக் கம்பெனியின் சிறந்த சப்ளையர் விருது திரும்பத் திரும்ப வந்தது.

ரேடியேட்டர் மூடி பார்க்கச் சின்ன சாமான். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வளையம், நடுவில் ஒரு குட்டி வால்வு. தண்ணீர் சூடாகி அழுத்தம் ஏறும்போது குறித்த அளவு வரை பிடித்துவைக்க வேண்டும், தாண்டினால் விடவேண்டும். ஆறும்போது திரும்ப உள்ளே இழுக்க வேண்டும். ஸ்பிரிங் ஒரு இழை தளர்ந்தாலும் என்ஜின் கொதித்துவிடும். செவர்லே விற்கமுடியாமல் போன குடும்பத்தின் மூடி அந்தக் கம்பெனியின் கார்களில் உட்கார்ந்ததை நினைத்தால் பாடிக்காரன் என்ற முறையில் எனக்கு நெஞ்சு நிமிரும்.

---

மேலவெளிவீதி:
சேகர் சார், இது எனக்குத் தெரியாது. உடனே அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இழை முழுவதையும் கேட்டார். மூடிக் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரிசல்காட்டானுக்கு ஒரு கேள்வி அனுப்பச் சொன்னார்: "அந்தப் பையனோட தாத்தா வண்டியில கரி உலை பின்னாடி இருந்ததா, பக்கவாட்டிலயா?"

---

கரிசல்காட்டான்:
அம்மாவிடம் கேட்டேன் அண்ணே. பின்னாடிதான், இடது மூலை. கடைசி சீட்டில் உட்கார்ந்தால் முதுகு சுடுமாம், அதனால் மார்கழியில் அந்த சீட்டுக்குத்தான் அடிதடி என்று தாத்தா சொல்வாராம். அப்பாவிடம் சொல்லுங்கள்.